நாற்பத்தேழாம் வில்லை

சங்கத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு என் அண்ணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார் செயலாளர். "நல்லதா நாலு வார்த்தை போதும்மா" என்றார். நல்லதாக நாலு வார்த்தை எழுத ஊரில் ஆளா இல்லை? என்னிடம் கேட்டால் நான் உள்ளதைத்தான் எழுதுவேன். எனக்கு வாய் நீளம், கையெழுத்து கோணல். இரண்டையும் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணி என்றால் என் அண்ணன் பெண்டாட்டி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். காலையில் நானூறு விரிப்பு உள்ளே வந்தால் சாயங்காலம் நானூறு வெளியே போக வேண்டும். ஒரு தடவை ஒரு தலையணை உறை குறைந்தது என்று எல்லா மூட்டையையும் பிரிக்க வைத்து, கூட இருந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் அந்த உறை ஒரு விரிப்புக்குள் சுருண்டு கிடந்தது. "பார்த்தீங்களா, இருந்துச்சில்ல?" என்று சிரித்தாராம். மற்றவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். படுக்கப் போகும் முன் தட்டு, டம்ளர், கரண்டி எல்லாம் எண்ணி வைப்பார். "நல்லவேளை, என்னையும் எண்ணி அலமாரியில வைக்கல" என்பார் அண்ணன். இப்படி ஒரு மனுஷியோடு எப்படித்தான் குப்பை கொட்டுகிறானோ என்று நான் அண்ணனைப் பார்த்துப் பரிதாபப்பட்ட காலம் உண்டு.

அண்ணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம்தான் எங்கள் சங்கம் படகுத்துறையில் கால் ஊன்ற ஆரம்பித்தது. அதற்கு முன்னால் அந்தப் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. பூட்டிக் கிடந்த கிடங்குகள், துருப்பிடித்த பளுதூக்கி, மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய நாற்றம். நகரத்துக்கு நடுவே இவ்வளவு தண்ணீர் இருந்தும் அதன் பக்கத்தில் உட்கார ஒரு பெஞ்சு கிடையாது. சங்கத்துக்காரர்கள் முதலில் போட்டது அந்தப் பெஞ்சைத்தான். அப்புறம் ஒரு கிடங்கைச் சுத்தம் பண்ணி நூலகம், நடன வகுப்பு, ஓவிய வகுப்பு. லாபம் பார்க்கிற கும்பல் இல்லை. பாதிப் பேர் வேலை முடிந்து வந்து சும்மா உழைப்பவர்கள். திரை தைக்க என்னைக் கூப்பிட்டார்கள். தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனவள்தான், இன்னும் திரும்பி வரவில்லை.

மூன்றாம் வருஷம் சரக்கு ஏற்றிய பழைய மிதவை ஒன்றை வாங்கி, துறைச்சுவரை ஒட்டிக் கட்டி, மேலே பலகை அடித்து மேடையாக்கினார்கள். தண்ணீர் மேலே நாற்காலி போட்டுப் பாட்டு, நாடகம், கவிதை. ஜனம் அள்ளிக்கொண்டு வந்தது. துறைமுக அலுவலகம் மட்டும் ஒரு நிபந்தனை போட்டது. ஏறுகிற ஒவ்வொரு ஆளையும் எண்ணி ஏற்ற வேண்டும், இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் எண்ணி இறக்க வேண்டும். ஓர் உயிர் போனாலும் மேடை போச்சு.

எண்ணுவதற்கு எங்கள் குடும்பத்தில் ஒரு ஆள் இருக்கிறாரே என்று நான்தான் அண்ணியை இழுத்துக்கொண்டு போனேன். அவருக்கோ தண்ணீர் என்றாலே ஆகாது. நீச்சல் தெரியாது. மிதவை லேசாக ஆடினாலே முகம் வெளுத்துவிடும். "அண்ணி, இவ்வளவு பயந்தா எப்படி இங்க உட்காருவீங்க?" என்று கேட்டேன். "பயப்படற ஆளுதான் இங்க உட்காரணும்" என்றார். அன்றைக்கு அதைக் கேலி பண்ணிச் சிரித்தேன்.

முறை என்னவென்றால், கரையில், மிதவைக்குப் போகும் ஏறு பலகையின் தலைமாட்டில் ஒரு மேசை. அதற்குப் பின்னால் நூற்றிருபது கொக்கி அடித்த பலகை. ஒவ்வொரு கொக்கியிலும் எண் வெட்டிய தகர வில்லை. ஏறுகிறவர் கையில் ஒரு வில்லை கொடுப்பார். இறங்கும்போது அதைத் திரும்ப வாங்கி அதே கொக்கியில் மாட்டுவார். கொக்கி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் மேடையில் இருக்கிறார் என்று அர்த்தம். மேடையிலும் இல்லையென்றால் தண்ணீரில் இருக்கிறார் என்று அர்த்தம். அப்போது மேசைக்கு மேலே தொங்கும் பெரிய மணியை அடிக்க வேண்டும். எதிர்க்கரையிலிருந்து மீட்புப் படகு வரும். கையில் கொடுத்ததைக் கையில்தான் வாங்க வேண்டும், கொக்கியில் மாட்டுகிற கை ஒரே கையாகத்தான் இருக்க வேண்டும். இந்த இரண்டும் அண்ணியே போட்டுக்கொண்ட சட்டம். செயலாளர்கூட அந்தப் பலகையைத் தொட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்படி நாலு வருஷம் ஓடியது. அப்புறம் ஒரு நாள் ஒரு வில்லை வரவில்லை. அண்ணி மணியை அடித்துவிட்டார். படகு வந்தது, முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள், ஜனம் கூடிவிட்டது. கடைசியில் பார்த்தால் ஒரு மகானுபாவர் வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக இறங்கி, வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொண்டிருந்தார்! துறைமுக அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இன்னொரு தடவை வெட்டியாக மணி அடித்தால் அனுமதி ரத்து.

செயலாளர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் விடவில்லை. "உங்க தலையணை உறை ஞாபகத்துல எங்க பிழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுடாதீங்க அண்ணி" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. அக்கம்பக்கத்து ஜனங்களே சேர்ந்து பாடும் கூட்டுப் பாட்டு. எள்ளு போட்டால் எள்ளு விழாத கூட்டம். நாலரைக்கு முடிந்து எல்லாரும் ஏறு பலகையில் முண்டியடித்து இறங்கினார்கள். அண்ணிக்குக் காலையிலிருந்தே மேலுக்கு முடியவில்லை. லேசான காய்ச்சல். கூட்டம் ஓய்ந்தபோது பலகையில் ஐந்து கொக்கி காலி.

அண்ணி மேடையைப் பார்த்து விரல் விட்டார். "மைக்செட்டுக்காரர், அவரோட தம்பி, தபேலாக்காரர், நீ. நாலு. அஞ்சாவது யாரு?"

"திரைக்குப் பின்னாடி யாராவது நிப்பாங்க அண்ணி. ஒரே மூச்சா உட்கார்ந்திருக்கீங்க, போய் ஒரு டீ குடிங்க. நான் ஓடியா போயிடுவேன்?"

"அஞ்சாவது ஆளு வரட்டும்."

"ஐயோ, போங்க அண்ணி! எதிர்லதானே டீக்கடை. அங்கேர்ந்து பார்த்தா தெரியாதா?"

அண்ணி எழுந்தார். ஏன் எழுந்தார் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். காய்ச்சல் ஒரு காரணம். இன்னொரு காரணம், இரண்டு மாதமாக என் வாய்க்குப் பயந்தது. போகும்போது திரும்பிச் சொன்னார்: "யாரு வில்லை கொடுத்தாலும் நீ மாட்டாதே. என்னைக் கூப்பிடு."

மைக்செட்டுக்காரரும் மற்ற இருவரும் டீக்கடைக்கே போய் அண்ணியின் கையில் வில்லையைக் கொடுத்தார்கள். பாட்டுப் பெட்டியை அணைக்காமலே போய்விட்டார்கள் பாவிகள், அது பாட்டுக்கு அலறிக்கொண்டிருந்தது. அண்ணி வந்து மூன்று வில்லையையும் மாட்டிவிட்டு, மேடையை ஒரு தரம் பார்த்தார். நான் துடைப்பத்தை ஆட்டிக் காண்பித்து, "எல்லாம் நான் பார்த்துக்கறேன், டீ ஆறுது" என்றேன். திரைக்குப் பின்னால் யாரும் இல்லை என்பது அப்போது எனக்கே தெரியாது. நான் போய்ப் பார்க்கவில்லை.

கடைசி வரிசை நாற்காலிக்கு அடியில் துடைப்பத்தில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து எடுத்தேன். வில்லை. நாற்பத்தேழு.

என் புத்தி எப்படிப் போனது பாருங்கள். எவனோ கீழே போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான், அண்ணியிடம் சொன்னால் மணியை அடிப்பார், அடித்தால் மேடை போச்சு. இவ்வளவுதான் தோன்றியது. வில்லை கீழே கிடக்கிறது என்றால் வில்லை இல்லாத ஓர் ஆள் எங்கேயோ இருக்கிறார் என்பது தோன்றவில்லை. கரைக்குப் போய் மேசைத் துணியைச் சரிசெய்கிற சாக்கில் நாற்பத்தேழாம் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தேன். பலகை நிறைந்துவிட்டது. என் வில்லை மட்டும் என் இடுப்பில்.

திரும்பி வந்து நாற்காலிகளை மடக்கினேன். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி மேல் துணிப்பை. பை மேல் மடித்து வைத்த மூக்குக்கண்ணாடி.

அந்தக் கண்ணாடி யாருடையது என்று எனக்குத் தெரியும். கிடங்குக்குப் பின்சந்தில் பூட்டு ரிப்பேர் பண்ணும் பூட்டுக்காரர். வாராவாரம் வருவார். கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் பாட்டுக் கேட்பார். "கண்ணாடி போட்டா காது மந்தமாயிடுதும்மா" என்று தமாஷ் பண்ணுவார். அது இல்லாமல் அவருக்கு ஓர் அடி தூரம்கூடத் தெரியாது. அதை விட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போகவே முடியாது.

மறந்துட்டுப் போயிருப்பார், திரும்பி வருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலுக்குக் கீழே மிதவையின் இரும்பில் டக், டக் என்று ஏதோ தட்டியது. சுவரில் கட்டின டயர் உரசுகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால், அப்படித்தான் நினைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நினைத்தேன். இப்போது போய்ச் சொன்னால் நான் வில்லையை மாட்டியதையும் சொல்ல வேண்டுமே. எல்லார் முன்னிலையிலும் அண்ணியைக் கேலி பண்ணின வாயால் எப்படிச் சொல்வது? மடக்கின நாற்காலியை விரித்து, விரித்ததை மறுபடி மடக்கினேன். ஓர் ஐந்து நிமிடம் இருக்கும். சாயங்காலப் பயணிகள் படகு கடந்து மிதவை ஓர் ஆட்டம் ஆடியது, ஆனால் அது நான் வில்லையைப் பார்ப்பதற்கு முன்பே என்றுதான் எனக்கு ஞாபகம்.

அப்புறம் ஓடினேன். "அண்ணி, நாப்பத்தேழு தரையில கிடந்துச்சு. நான் மாட்டிட்டேன். பூட்டுக்காரர் கண்ணாடி நாற்காலியில இருக்கு."

திட்டுவார், ஓர் அறை விடுவார் என்று நினைத்தேன். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டம்ளரை வைத்துவிட்டு நேராக மணியைப் பார்த்து நடந்தார். செயலாளர் குறுக்கே வந்தார். "இவங்க வில்லை தவிரப் பலகை நிறைஞ்சிருக்கேம்மா! எல்லாரும் இறங்கியாச்சு. இன்னொரு தடவை அடிச்சா என்ன ஆகும்னு தெரியும்ல? பூட்டுக்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்பலாம், பத்து நிமிஷம் பொறுங்க."

"பலகை பொய் சொல்லுது சார்" என்றார் அண்ணி. கயிற்றைப் பிடித்து இழுத்தார். துறை முழுக்க அதிர்ந்தது. அப்புறம் மைக்செட்டுக்காரரைப் பார்த்து ஒரு கத்தல்: "பாட்டை நிறுத்துங்க!"

அலறல் நின்றது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். டக். டக். கொஞ்சம் இடைவெளி விட்டு, டக். எனக்குத் தெரிந்த சத்தம்.

தண்ணீரைக் கண்டால் வெளுக்கிற என் அண்ணி மிதவையின் விளிம்பில் குப்புறப் படுத்து, சுவருக்கும் மிதவைக்கும் நடுவே தலையை விட்டுக் கூப்பிட்டார். "ஐயா! நான் இருக்கேன். பிடியை விடாதீங்க. படகு வருது. எண்ணுங்க, என்கூட எண்ணுங்க." ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தார். கீழேயிருந்து குரல் வரவில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தட்டு மட்டும் வந்தது. நூற்றுப் பன்னிரண்டில் தட்டு நின்றது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணி எண்ணுவதை நிறுத்தவில்லை. நூற்று நாற்பதில் படகு வந்துவிட்டது.

பூட்டுக்காரர் பிழைத்துக்கொண்டார். பாட்டுத்தாள் காற்றில் பறக்க, கண்ணாடி இல்லாமல் அதைப் பிடிக்கப் போய், மிதவையின் ஓரக் கம்பிக்கு அடியில் வழுக்கித் தண்ணீரில் விழுந்திருக்கிறார். எல்லாரும் கரையைப் பார்த்து முண்டியடித்த நேரம், ஒருவரும் கவனிக்கவில்லை. டயர்ச் சங்கிலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இடுப்புச் சாவிக்கொத்தை எடுத்து இரும்பில் தட்டியிருக்கிறார். சங்கிலியைப் பிடித்தது வலது கை. பயணிகள் படகு கடந்தபோது எழுந்த அலையில் மிதவை சுவரில் மோதி அந்தக் கை நசுங்கிவிட்டது. இரண்டு விரல் இனி மடங்காது. பூட்டு வேலைக்கு அந்த இரண்டு விரல் எவ்வளவு வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் நாள் துறைமுக அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். அதற்கு முன்னால் செயலாளர் எங்களைத் தனியே கூப்பிட்டு, முகத்தில் ஈயாடாமல் சொன்னார். ஒருத்தர் கவனக்குறைவு என்றால் அந்த ஒருத்தரை நிறுத்திவிட்டு மேடையை விட்டுவிடுவார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் பலகையைத் தொடலாம் என்று ஆகிவிட்டால், அந்த ஏற்பாடே சரியில்லை என்று மேடையை மூடிவிடுவார்கள்.

அதிகாரி கேட்டார்: "நாப்பத்தேழை மாட்டினது யாரு?"

"நான்தான்" என்றார் அண்ணி.

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டது என்று இப்போது சொல்கிறேன். உண்மையில் அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவுக்காக இன்றைக்கு வரைக்கும் எனக்கு என்னைப் பார்த்தால் குமட்டுகிறது.

அண்ணியை வேலையிலிருந்து எடுத்தார்கள். மேடை நிலைத்தது. மேசைக்கு ஆள் வேண்டுமே? அனுபவம் உள்ளவள், குடும்பத்துப் பெண் என்று என்னை உட்கார வைத்தார்கள்! மூன்று வருஷமாக நான்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சோறு இறங்காது. கூட்டம் இறங்கும்போது ஒவ்வொரு கையாகப் பார்க்கிறேன். எல்லாக் கொக்கியும் நிறைந்த பிறகும் மேடைக்குப் போய்க் கடைசி வரிசையைக் குனிந்து பார்க்காமல் வீட்டுக்குப் போனதில்லை. போன வருஷம் பூட்டுக்காரர் கொக்கிப் பலகைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுக் கொடுத்தார். அதற்கு ஒரு பூட்டு. இடது கையால் பண்ணினது, நாலு மாதம் ஆயிற்றாம். சாவி என் கழுத்தில் கிடக்கிறது. இனி வேறு கை உள்ளே போக வழியில்லை. அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். நாற்பத்தேழை மாட்டியது அண்ணி இல்லை. நான்.

அண்ணியும் மாதம் ஒரு தரம் பாட்டுக் கேட்க வருவார். வில்லையை என் கையிலிருந்து வாங்கி, என் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

மேலே எழுதியதை எல்லாம் நேற்று அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காண்பித்தேன். அண்ணி துணி மடித்துக்கொண்டே கேட்டார். வேண்டாம், கிழித்துப் போடு என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"போடு. ஆனா சரியாப் போடு" என்றார். "அஞ்சு நிமிஷம்னு எழுதியிருக்கே."

"இருக்கும் அண்ணி. அவ்வளவுதான் இருக்கும்."

"டீக்கடைல கடிகாரத்துக்கு நேர் எதிர்லதான் உட்கார்ந்திருந்தேன். நீ மேசைகிட்ட போனதையும் பார்த்தேன், நீ துணியைச் சரி பண்றியோன்னு நினைச்சேன். அப்ப நாலு நாப்பத்தாறு. என்கிட்ட ஓடி வந்தப்ப நாலு அம்பத்தேழு." கையில் இருந்த துண்டை மடித்து அடுக்கின் மேல் வைத்தார். "பதினொண்ணு."

பயணிகள் படகு தினமும் எத்தனை மணிக்குக் கடக்கும் என்று படகுத்துறையில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நாலு ஐம்பது.

"உங்களுக்கு மூணு வருஷமா தெரியுமா அண்ணி?"

"எண்ணாம இருக்க முடியுதா என்னால?" என்றார். குரலில் கோபம் இல்லை. அடுத்த துண்டை எடுத்தார்.

மேலே ஐந்து நிமிடம் என்று எழுதியதையும், படகு முன்பே போய்விட்டது என்று எழுதியதையும் நான் அடிக்கவில்லை. செயலாளரும் அடிக்கக் கூடாது. அது நான் சொல்லிக்கொண்டு திரிந்தது. நடந்தது, பதினொரு நிமிடம். படகு அதற்கு நடுவில் போனது.